பொறுப்பைக் கையளித்தல்: கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பணியும் திருவாவடுதுறைப் பயிற்சி மரபும் (1871–1888)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொறுப்பில் இருப்பவர், தமக்குப்பின் அதனை ஏற்கத் தக்கவரை முன்னரே இனங்கண்டு, பயிற்றுவித்து, உரிய காலத்தில் ஒப்படைத்தலை இன்றைய மேலாண்மையியல் பணித்தொடர்ச்சித் திட்டமிடல் என்கிறது. இச்சிந்தனை இருபதாம் நூற்றாண்டுத் தொழில் நிறுவனங்களிலிருந்து தோன்றியதாகவே பெரிதும் கருதப்படுகிறது. தமிழகத்தில் மடம், திண்ணைப்பள்ளி, புலவர் இல்லம் ஆகிய இடங்களில் இதற்கு ஒப்பான நடைமுறைகள் இருந்தன. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் பணி, வித்துவான் சி. தியாகராச செட்டியாரிடமிருந்து உ.வே. சாமிநாதையருக்கு மாறிய நிகழ்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அந்நடைமுறைகளின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வழித்தோன்றலை உருவாக்கும் பயிற்சி, முன்னோரின் அறிவோடு அவர்தம் அறியாமையையும் சேர்த்தே கையளிக்கிறது என்பதும், பயிற்சியின் உண்மையான பயன் அது தந்த பாடங்களைவிட அது வளர்த்த திறன்களிலேயே வெளிப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பணித்தொடர்ச்சி, திறன் வளர்ப்பு, திருவாவடுதுறை ஆதீனம், மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தியாகராச செட்டியார், உ.வே. சாமிநாதையர், பதிப்பு வரலாறு

முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் 1880ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகளால் நினைக்கப்பெறுகிறது. அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சேலம் இராமசுவாமி முதலியாரை முதன்முறையாகச் சந்தித்தார். இரண்டாம் நிகழ்வு சீவக சிந்தாமணிப் பதிப்புக்கும், அதன்வழிச் சங்க நூற்பதிப்புகளுக்கும் வித்தாக அமைந்தமையால் ஆய்வாளர்களால் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. முதல் நிகழ்வோ பெரும்பாலும் ஒரு வாழ்க்கைக் குறிப்பாக மட்டுமே கடந்து செல்லப்படுகிறது.

முதல் நிகழ்வு இல்லையேல் இரண்டாவது நிகழ்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த முதலியார் தமிழில் நாட்டமுடையவர். கல்லூரித் தமிழாசிரியர் என்ற நிலையே சாமிநாதையரை அவரிடம் கொண்டு சேர்த்தது. அந்த இருக்கையில் யார் அமர்வது என்பதை ஒருவர் முன்னரே எண்ணித் திட்டமிட்டிருந்தார். மற்றொருவர் தம் இழப்பைப் பொருட்படுத்தாது அதற்கு இசைந்தார். முன்னவர் தியாகராச செட்டியார். பின்னவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். இவ்விருவரின் முடிவுகளும், அவற்றுக்கு முன்னர் நிகழ்ந்த நெடிய பயிற்சியும் ஒரு நிறுவன வரலாறாக வாசிக்கத் தக்கவை.

இவ்வாய்வுக்கு முதன்மை ஆதாரங்கள் சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் சரித்திரம்’, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட ‘மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ ஆகியன. இவற்றைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. நிகழ்வுகளுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, அந்நிகழ்வுகளால் பயனடைந்தவரே எழுதியவை இவை. நன்றியுணர்வு இவற்றின் அடிநாதம். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் குரல் இவற்றில் ஒலிக்கும் அளவுக்குத் தேர்ந்தெடுக்கப்படாதவரின் குரல் ஒலிப்பதில்லை. இவ்வெல்லையை நினைவிற்கொண்டே சான்றுகள் கையாளப்படுகின்றன.

1. பணித்தொடர்ச்சியின் மூன்று வழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஒரு பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது பிறப்புவழி. ஊர்க் கணக்கர், மணியக்காரர் போன்ற பொறுப்புகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. காலனிய அரசு இம்முறையை ஒழிக்காமல் சட்டத்திற்குள் கொணர்ந்தது. 1895ஆம் ஆண்டின் சென்னை மாகாண மரபுவழிக் கிராமப் பதவிகள் சட்டம் இதற்குச் சான்று. தமிழ்நாட்டில் இம்முறை முற்றாக முடிவுக்கு வந்தது 1980ஆம் ஆண்டிலேயே. இம்முறையில் வழித்தோன்றல் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. அவருக்குத் திறன் உண்டா என்ற கேள்விக்கு மட்டுமே இடமுண்டு. அக்கேள்வியும் பெரும்பாலும் காலங்கடந்தே எழுந்தது.

இரண்டாவது நியமனவழி. சைவ ஆதீனங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. துறவு நெறியாதலின் அங்குப் பிறப்புரிமைக்கு இடமில்லை. தலைவர் தம் வாழ்நாளிலேயே தகுதியுடைய தம்பிரான் ஒருவரைத் தெரிந்து, அவருக்குச் ‘சின்னப்பட்டம்’ கட்டுவது வழக்கம்.

மூன்றாவது அரசுத்துறை நியமனம். கல்லூரி, நீதிமன்றம், வருவாய்த்துறை ஆகியவற்றில் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காலியான இடத்திற்கு ஆள் தெரிவு செய்யப்பட்டது. இதில் பதவியை விட்டுச் செல்பவருக்கு முறைப்படியான பங்கு எதுவும் இல்லை. அவர் சென்ற பின்னரே தேடல் தொடங்கும்.

கும்பகோணத்தில் 1880இல் நிகழ்ந்தது இரண்டாவது வழியின் மனப்பாங்கு மூன்றாவது வழியின் அமைப்புக்குள் நுழைந்த நிகழ்வாகும். அரசுக் கல்லூரியின் பணியிடத்திற்கு, மடத்தில் சின்னப்பட்டம் தெரிவது போல ஒருவர் தம் வழித்தோன்றலைத் தெரிந்தார். இந்தக் கலப்பே இந்நிகழ்வின் தனித்தன்மை.

2. ஆதீனத்தின் அமைப்பும் தொடர்ச்சிச் சிந்தனையும்

பதினாறாம் நூற்றாண்டில் நமசிவாய மூர்த்திகளால் நிறுவப்பெற்ற திருவாவடுதுறை ஆதீனம், மெய்கண்டார் வழிவந்த ஞானபரம்பரையைச் சார்ந்தது. ‘சந்தானம்’ என்ற சொல்லே இங்கு நோக்கத்தக்கது. மகப்பேற்றைக் குறிக்கும் சொல், சைவ சித்தாந்த மரபில் ஆசிரிய–மாணாக்க வழியைக் குறிக்க ஆளப்படுகிறது. குருதி உறவின் இடத்தில் பாட உறவு வைக்கப்படுகிறது.

ஆதீனம் ஞானநிலையமாக இருந்ததோடு பெரும் நிர்வாக அமைப்பாகவும் விளங்கியது. பல ஊர்களில் நிலங்கள், கோயில் கட்டளைகள், கிளை மடங்கள் அதற்கு இருந்தன. இவற்றைக் கவனிக்கக் கட்டளைத் தம்பிரான்கள், காறுபாறு முதலிய பொறுப்பினர் இருந்தனர். ஒரு தம்பிரான் முதலில் பாடம் கேட்பவராகவும், பின்னர்ச் சிறு பொறுப்பினராகவும், அதன்பின் ஒரு கட்டளையையோ கிளை மடத்தையோ நடத்துபவராகவும் படிப்படியாக வளர்ந்தார். தலைமைக்கு உரியவர் இவ்வரிசையிலிருந்தே வந்தார். சின்னப்பட்டம் ஏற்றவர் தலைவரின் கண்முன்னே பல்லாண்டுகள் பொறுப்பைப் பழகினார். சுப்பிரமணிய தேசிகரே தமக்கு முன்னிருந்த அம்பலவாண தேசிகர் காலத்தில் சின்னப்பட்டமாக இருந்து, பின் தலைமை ஏற்றவர்.

ஆதலின் தேசிகருக்குப் பொறுப்புக் கையளித்தல் என்பது ஏட்டுக் கொள்கையன்று. தம் வாழ்வில் தாமே கடந்துவந்த வழி. பிற்காலத்தில் செட்டியாரின் வேண்டுகோளை அவர் எவ்வாறு அணுகினார் என்பதைப் புரிந்துகொள்ள இப்பின்னணி உதவும்.

3. மகாவித்துவானின் பயிற்சி முறை

ஆதீன வித்துவானாக விளங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) சாமிநாதையர் 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மாணாக்கராகச் சேர்ந்தார். பிள்ளையிடம் பயின்றோருள் தியாகராச செட்டியார், கிறித்தவரான சவேரிநாத பிள்ளை, நாகூர் குலாம் காதிறு நாவலர் ஆகியோர் அடங்குவர். பிள்ளையின் பயிற்சி முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை.

முதலாவது, மூத்த மாணாக்கர்வழிக் கற்பித்தல். சாமிநாதையர் வந்த தொடக்கத்தில் பிள்ளை அவருக்குத் தாமே பாடம் சொல்லவில்லை. சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் பயிலச் செய்தார். இளைஞருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ஆசிரியருக்குத் தோட்டத்துச் செடிகளில் புதுத்தளிர் காண்பதில் இருந்த விருப்பத்தை அறிந்து, விடியற்காலையில் எழுந்து தளிர் விட்ட இடங்களைப் பார்த்துவைத்து அவரிடம் கூறி, அவர் உள்ளத்தில் இடம்பெற முயன்றதை ‘என் சரித்திரம்’ விவரிக்கிறது. அதன்பின்னரே திருக்குடந்தைத் திரிபந்தாதிப் பாடத்தை ஆசிரியர் தாமே தொடங்கினார். இச்செய்தியை ஒரு சுவையான நிகழ்ச்சியாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. மூத்தவரிடம் இளையவரை ஒப்படைப்பது, திண்ணைப்பள்ளிகளில் சட்டாம்பிள்ளை வழியே நடந்த பழைய முறையின் உயர்நிலை வடிவம். அதனால் மூத்தவருக்கும் பயிற்சி கிட்டியது.

இதன் கோட்பாட்டு அடிப்படை நன்னூலிலேயே உள்ளது. ஆசிரியர் கூறுவதை நன்கு கேட்பதால் கல்வியில் கால்பங்கும், உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால்பங்கும் வரும் என்றும், எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிறைவுறும் என்றும் அதன் பொதுப்பாயிரம் வகுக்கிறது. கற்பித்தலைக் கற்றலின் பெரும்பகுதியாகக் கொள்ளும் இக்கணக்கு, வழித்தோன்றல்களை உருவாக்கும் எந்த அமைப்புக்கும் பொருந்துவது.

இரண்டாவது, பணியினூடே பயிற்சி. பிள்ளை புராணங்களையும் பிரபந்தங்களையும் வாய்மொழியாகச் சொல்லச்சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதினர். ஒரு செய்யுள் எவ்வாறு உருவாகிறது, எதுகை எவ்வாறு அமைகிறது, ஒரு சொல் ஏன் மாற்றப்படுகிறது என்பவற்றை எழுதுபவர் அருகிருந்து கண்டார். அரங்கேற்றங்களில் பாடல்களைப் படிக்கும் பொறுப்பும் மாணாக்கருக்கு வாய்த்தது. பாடவேளை, பணிவேளை என்ற பிரிவினை இங்கு இல்லை.

மூன்றாவது, முழுநேர உடனுறைவு. ஆசிரியர் செல்லும் ஊருக்கெல்லாம் மாணாக்கரும் சென்றனர். மடத்தில் பேசும் முறை, செல்வரிடம் பழகும் முறை, அவையில் வினாக்களை எதிர்கொள்ளும் முறை ஆகியவை தனிப்பாடமாக இன்றிப் பழக்கத்தால் வந்தன.

இம்முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. இது முழுவதும் ஒரு மனிதரைச் சார்ந்திருந்தது. பிள்ளை மாணாக்கர்க்கு உணவும் உறைவிடமும் அளித்துத் தாம் கடனில் உழன்றவர். தம் பள்ளியைத் தமக்குப்பின் நடத்துவோர் யார் என்பதற்கு அவர் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. செய்யும் பொருள்வளமும் அவருக்கில்லை. 1876 பிப்ரவரி முதல் நாள் அவர் மறைந்தபோது அந்த நடமாடும் கல்விக்கூடமும் முடிவுற்றது. பேராற்றல் வாய்ந்த தனிமனிதரைச் சுற்றி வளரும் அமைப்புகள் யாவற்றுக்கும் உரிய நெருக்கடி இது.

4. 1876–1880: நிறுவனம் ஏற்ற பொறுப்பு

பிள்ளை மறைந்தபின் சாமிநாதையரைச் சுப்பிரமணிய தேசிகர் மடத்தின் ஆதரவில் வைத்துக்கொண்டார். தாமே அவருக்குப் பாடம் சொன்னார். தம்பிரான்கள் உள்ளிட்ட பிற மாணாக்கர்க்கு அவர் பாடம் சொல்லவும் செய்தார். இருபத்தோராம் வயதை எட்டும் நிலையில் இருந்த ஒருவர் இவ்வாறு ஒரே வேளையில் மாணாக்கராகவும் ஆசிரியராகவும் ஆனார். நன்னூல் குறிக்கும் எஞ்சிய பாதி இந்நான்கு ஆண்டுகளில் நிறைவுற்றது எனலாம்.

தனிமனிதர் மறைவால் அறுந்துபோகவிருந்த தொடர்பை ஒரு நிறுவனம் தாங்கிப் பிடித்த காலம் இது. பிள்ளையின் அறிவை மடம் தன் உடைமையாகக் கருதியதால்தான் அவர் மாணாக்கரை இழக்க விரும்பவில்லை. இதே காரணத்தால், செட்டியார் வந்து அவரைக் கேட்டபோது மடத்திற்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது.

5. 1880: செட்டியாரின் கையளிப்பு

தியாகராச செட்டியார் (1826–1888) பிள்ளையின் மூத்த மாணாக்கருள் ஒருவர். கும்பகோணம் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பண்டிதராக இருந்து, புலமையாலும் கண்டிப்பாலும் பெயர் பெற்றவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், தேர்வுக்குரிய தமிழ்ப்பாடங்களை ஆங்கிலங்கற்ற மாணவர்க்குக் கற்பிக்கும் பணி மடத்துப் பாடஞ்சொல்லலினும் வேறுபட்டது. அங்கு மணிக்கணக்கு உண்டு, பாடத்திட்டம் உண்டு, ஆசிரியரின் புலமையை ஐயுறும் மாணவரும் உண்டு. ஆங்கில ஆசிரியர்க்கு இருந்த மதிப்பு தமிழ்ப் பண்டிதர்க்கு இயல்பாக வாய்ப்பதில்லை. அந்த மதிப்பைச் செட்டியார் தம் ஆளுமையால் ஈட்டியிருந்தார். ஆகவே தமக்குப்பின் வருபவர் அதனை இழந்துவிடலாகாது என்ற கவலை அவருக்கிருந்தது.

உடல்நலக் குறைவால் ஓய்வுபெற எண்ணியபோது, அவர் தம் இடத்திற்குச் சாமிநாதையரையே கருதினார். இருவரும் ஒருசாலை மாணாக்கர். ஆயினும் தலைமுறை வேறுபாடு உடையோர். கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் முன்னரே அவர் தகுதியைச் செட்டியார் எடுத்துரைத்தார். அப்பணிக்கு வேறு சிலரும் முயன்றனர். பின்னர்ச் செட்டியார் தாமே திருவாவடுதுறைக்கு வந்து தேசிகரிடம் அனுமதி வேண்டினார். தேசிகர் முதலில் இசையவில்லை. மடம் வளர்த்த ஒருவரை, மடத்துக்கு அவர் மிகவும் பயன்படும் பருவத்தில், அரசுக் கல்லூரிக்கு அனுப்புவதில் அவருக்கிருந்த தயக்கம் இயல்பானது. சாமிநாதையர் கல்லூரியில் விளங்கினால் அப்புகழ் மடத்தையே சாரும் என்ற செட்டியாரின் வாதம் இறுதியில் அவரை இசையச் செய்தது. தேசிகர் நற்சான்று அளித்து அனுப்பினார்.

பரிந்துரை மட்டும் போதும் என விடப்படவில்லை. கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில், செய்யுட்களுக்குப் பொருள் கூறச் செய்தும் புதிதாகச் செய்யுள் இயற்றச் செய்தும் சாமிநாதையரின் திறன் ஆராயப்பட்டது. அதன்பின் மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் அவர் நியமனம் பெற்றார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது நிறைவுற மூன்று நாள்கள் இருந்தன.

இந்நிகழ்வில் நான்கு படிநிலைகள் தெளிவாகத் தெரிகின்றன: காலியிடம் உருவாகுமுன்னரே வழித்தோன்றலை இனங்காணல், நியமன அதிகாரம் உடையவரிடம் முன்கூட்டிக் கூறிவைத்தல், வழித்தோன்றலை வளர்த்த நிறுவனத்தின் இசைவைப் பெறல், பொதுவோர் முன் திறனறிதல். இவற்றுள் மூன்றாவது, இன்றைய நடைமுறைகளில் பெரும்பாலும் மறக்கப்படுவது. திறனாளர் ஒருவரை வளர்த்த இடத்துக்கும் அவர் செல்லும் இடத்துக்கும் உள்ள உறவு அறுபடாதவாறு செட்டியார் பார்த்துக்கொண்டார். சாமிநாதையர் விடுமுறை நாள்களில் திருவாவடுதுறைக்குச் சென்றுவந்தார்; மடத்துத் தொடர்பு நீடித்தது. பிற்காலத்தில் ஏடு தேடும் முயற்சியில் மடத்து ஏடுகளும் தேசிகரின் செல்வாக்கும் அவருக்குத் துணைநின்றன. ஆளை விட்டுக்கொடுத்த மடம் அவரை முற்றாக இழந்துவிடவில்லை.

சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குச் சாமிநாதையர் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டார். தமக்குத் தமிழ் தந்தவர் பெயர் பிள்ளையுடையதாக இருக்க, வீட்டுக்கு வைத்த பெயர் தமக்கு இடம் தந்தவருடையது. கல்வியும் பணிவாய்ப்பும் இருவேறு கொடைகள் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இப்பெயர் சான்று.

6. பயிற்சி தராத அறிவு

இதுவரை கூறியவை ஒரு வெற்றி வரலாறாகத் தோன்றலாம். எட்டு மாதங்களில் அதன் மறுபக்கம் வெளிப்பட்டது.

இராமசுவாமி முதலியார் சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் கற்றுள்ளீர் என வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள், கம்பராமாயணம், இலக்கண நூல்கள் என நீண்டது விடை. பிள்ளையின் மாணாக்கர் எவரும் பெருமையோடு கூறத்தக்க பட்டியல் அது. முதலியார் அதனால் நிறைவுறவில்லை; இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் பயின்றதுண்டா என்றே கேட்டார். சீவக சிந்தாமணி பயின்றதில்லை என ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கு வெளிப்பட்டது ஒருவரின் தனிப்பட்ட குறையன்று. ஒரு பரம்பரையின் எல்லை. சைவ மடங்களைச் சார்ந்த பாட மரபில் சமணக் காப்பியத்திற்கும் சங்கத் தொகைகளுக்கும் இடம் மிகக் குறைவு. பிள்ளை கற்பிக்காததைச் செட்டியார் கற்பிக்க இயலாது; செட்டியார் இடத்துக்கு அதே மரபில் வந்தவரும் அதனை அறிந்திருக்க இயலாது. தம்மைப் போன்ற ஒருவரைத் தெரிந்து அமர்த்தும் முறை, அறிவின் தொடர்ச்சியை உறுதி செய்யும் அளவுக்கு அறியாமையின் தொடர்ச்சியையும் உறுதி செய்கிறது. அந்த வட்டத்தை உடைத்த வினா வெளியிலிருந்து, ஆங்கிலங்கற்ற நீதித்துறை அலுவலர் ஒருவரிடமிருந்து வந்தது.

அதன்பின் சாமிநாதையர் நாடியதும் தம் மரபுக்கு வெளியேதான். சிந்தாமணியின் சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தார். கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், அவர்களிடம் மாணாக்கராக அமர்ந்தார். இப்பணிவும் பிள்ளையிடம் பெற்ற பயிற்சியின் விளைவே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். பிள்ளையின் பயிற்சி தந்த பாடங்கள் சிந்தாமணிக்குப் போதவில்லை. அது வளர்த்த திறன்கள் போதுமானவையாக இருந்தன. ஏட்டெழுத்தை விரைந்து படித்தல், யாப்புப் பிறழ்ந்த இடத்தைச் செவியாலேயே உணர்தல், ஆயிரக்கணக்கான செய்யுட்களை நினைவிற்கொண்டு ஒப்பிடல், ஒரு சொல்லின் பொருளுக்காக நாள்கணக்கில் காத்திருத்தல் ஆகியவை புராணங்களை எழுதிப்பழகிய காலத்தில் வந்தவை. 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை எனப் பதிப்புகள் தொடர்ந்தமைக்கு இத்திறன்களே அடித்தளம். செட்டியாரும் தேசிகரும் 1888இல் மறைந்தனர். தாம் கையளித்ததன் முதற்பயனாகிய சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த காலம்வரை இருவரும் வாழ்ந்தனர்.

7. பதிப்பாசிரியரின் வழித்தோன்றல்கள்

சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919இல் ஓய்வு பெற்றார். அவருடைய பதிப்புப் பணி கல்லூரிப் பணியின் பகுதியாக இருக்கவில்லை; தம் இல்லத்தில், தம் பொறுப்பில் நடத்தினார். ஏடு ஒப்பிடல், படியெடுத்தல், அகராதி தொகுத்தல், அச்சுத்தாள் திருத்தல் ஆகியவற்றில் திருமானூர் அ. கிருஷ்ணையர், ம.வீ. இராமாநுஜாசாரியர், இ.வை. அனந்தராமையர் முதலியோர் வெவ்வேறு காலங்களில் துணைபுரிந்தனர். அவர்களுள் இராமாநுஜாசாரியர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கியதோடு, மகாபாரதத் தமிழ் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். அனந்தராமையர் கலித்தொகையைப் பதிப்பித்தார். முதுமைக் காலத்தில் உடனிருந்த கி.வா. ஜகந்நாதன் பின்னர்க் கலைமகள் ஆசிரியராகப் புகழ்பெற்றார்.

பிள்ளையின் வீட்டில் நிகழ்ந்தது போலவே இங்கும் பணியினூடே பயிற்சி நிகழ்ந்தது; ஆயினும் ஒரு மாற்றம் உண்டு. பிள்ளையின் மாணாக்கர் ஆசிரியரின் செய்யுளை எழுதினர். சாமிநாதையரின் உதவியாளர் பாடவேறுபாட்டைக் குறித்தனர். கற்ற பொருள் கவிதை இயற்றல் என்பதிலிருந்து நூல் ஆராய்தல் என்பதாக மாறியது. பயிற்சி வடிவம் பழையது; பயிற்சிப் பொருள் புதியது. மரபின் வடிவத்தைக் காத்து, அதன் உள்ளீட்டை மாற்றிய இச்செயலே அவர் தம் ஆசிரிய மரபுக்குச் செய்த பெருந்திருத்தம்.

1942இல் அவர் மறைந்தபின், 1943இல் அவர் பெயரால் நூல்நிலையம் தோன்றியது. திரட்டிய சுவடிகள் அங்குப் பாதுகாக்கப்பட்டன. தனிமனிதரைச் சார்ந்த அமைப்பு அவர் மறைவோடு கலைந்துவிடும் என்ற 1876ஆம் ஆண்டின் பாடம், இம்முறை ஒரு நிறுவனமாக உருப்பெற்றது.

8. இம்முறையின் வரம்புகள்

இம்மரபைப் போற்றுவோர் அதன் வாயில் எவ்வளவு குறுகலானது என்பதையும் கூற வேண்டும். வழித்தோன்றலைத் தெரிவோர் தாம் அறிந்தவரிடையேதான் தெரிய முடியும். பிள்ளையிடம் கிறித்தவரும் இசுலாமியரும் பயின்றமை அக்காலச் சூழலில் சிறப்பே. எனினும் ஆசிரியர் இல்லத்தில் உடனுறைந்து கற்கும் முறை, சாதி வேறுபாடுகளைப் பேணிய உணவு, உறைவிட ஏற்பாடுகளுக்கு உட்பட்டே நடந்தது. பெண்கள் இவ்வட்டத்திற்குள் வரவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கு மடத்தின் வாயிலே எட்டாதது. செட்டியாரின் தெரிவு சரியானது என்பதை வரலாறு மெய்ப்பித்தது. அவர் பார்வைக்கே வராமற்போன திறனாளர் எத்தனை பேர் என்பதை எந்த ஆவணமும் கூறாது.

பொதுவிளம்பரமும் எழுத்துத் தேர்வும் இக்குறையைப் போக்கவே பின்னாளில் வந்தன. அவை வாயிலை அகலமாக்கின. அதே வேளையில், பணியிலிருப்பவருக்கும் வரவிருப்பவருக்கும் இடையிலான பழக்கத்தை அவை தம் கணக்கில் கொள்ளவில்லை. ஓய்வுபெறும் நாளில் கோப்புகளும் சாவிகளும் ஒப்படைக்கப்படுகின்றன. பல்லாண்டுப் பட்டறிவு ஒப்படைக்கப்படுவதில்லை. பணியிடம் காலியாகிப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தே அடுத்தவர் வரும் கல்வித்துறைச் சூழலில், முன்னவரும் பின்னவரும் ஒரே அறையில் ஒருநாளேனும் சேர்ந்து அமர வாய்ப்பில்லை. சுவடிப் படிப்பு, கல்வெட்டுப் படிப்பு போன்று கண்ணாலும் கையாலும் மட்டுமே கற்கத்தக்க துறைகளில் இவ்விடைவெளியின் இழப்பு ஈடுசெய்ய இயலாதது.

முடிவுரை

கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பணி 1880இல் கைமாறிய வரலாற்றிலிருந்து பின்வரும் முடிபுகளைப் பெறலாம்.

1. தமிழகத்தில் பணித்தொடர்ச்சி பற்றிய சிந்தனை, ஆதீனங்களின் சின்னப்பட்ட முறை, நன்னூல் கூறும் கல்விக் கோட்பாடு, மூத்த மாணாக்கர்வழிக் கற்பித்தல் ஆகியவற்றில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது.

2. பிள்ளையின் பள்ளி தனிமனிதரைச் சார்ந்திருந்தமையால் அவர் மறைவோடு முடிந்தது. அதன் அறிவு அழியாமல் காத்தது, பொறுப்பேற்க முன்வந்த நிறுவனமாகிய மடம்.

3. செட்டியாரின் கையளிப்பில் தனிப்பட்ட அறிமுகமும் பொதுவோர் முன்னான திறனறிதலும் இணைந்திருந்தன. வளர்த்த இடத்தின் இசைவு பெறப்பட்டதால், மடத்துக்கும் கல்லூரிக்கும் இடையே பகையின்றிப் பயனுள்ள உறவு அமைந்தது.

4. ஒரே மரபுக்குள் நிகழும் தெரிவு, அம்மரபின் குறைகளையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்கிறது. அதனை உணர்த்த வெளியிலிருந்து ஒரு வினா வரவேண்டியிருந்தது. அவ்வினாவை ஏற்கும் பணிவு வழித்தோன்றலிடம் இருந்தது.

5. பயிற்சியின் பயனைக் கற்பித்த பாடங்களின் அளவால் மதிப்பிடல் பொருந்தாது. புதிய சூழலில் பயன்படும் திறன்களை அது எந்த அளவுக்கு வளர்த்தது என்பதே தக்க அளவுகோல்.

வாயிலை அனைவருக்கும் திறந்துவைக்கும் இன்றைய நியமன முறையையும், உடனிருந்து கற்பிக்கும் பழைய கையளிப்பையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருத வேண்டியதில்லை. ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியரோடு புதிதாக நியமிக்கப்பட்டவர் ஓராண்டேனும் சேர்ந்து பணியாற்றும் ஏற்பாடு, குறிப்பாகச் சுவடியியல், கல்வெட்டியல், பதிப்பியல் துறைகளில், இன்றைய பல்கலைக்கழகங்கள் எண்ணிப்பார்க்கத் தக்கது. சுப்பிரமணிய தேசிகர், கோபாலராவ், தியாகராச செட்டியார் ஆகிய மூவரும் உரிய காலத்தில் கலந்து பேசியதன் விளைவே ஒரு பணியிடத்தின் கைமாற்றம் ஓர் இலக்கிய மீட்புக்கு வழிவகுத்தமை. அத்தகைய கலந்துரையாடலுக்கு நம் நிறுவன விதிகளில் இடம் உண்டா என்பது மேலும் ஆராயத்தக்கது.